நிறைத்தராசில் ஏற முடியாதவர்கள்: இயலாமையும் நாட்பட்ட நோயும் பற்றிய ஓர் அறிமுகம்

யாழ்ப்பாண மாவட்டத்தில் எந்தப் பிரதேசத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே இரண்டு வகையான பெயர்ப்பதிவுகள் இருக்கும். ஒன்று பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் பதிவு. உதவித்தொகையும் சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களும் அதைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. மற்றது வைத்தியசாலைக் கிளினிக்கில் உள்ள நாட்பட்ட நோயாளரின் பதிவு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் என்று கொப்பியோடு வந்து மாதாந்தம் குளிசை எடுத்துச் செல்பவர்கள் அதில் இருப்பார்கள். முதலாவது நலன்புரி சார்ந்தது, இரண்டாவது சுகாதாரம் சார்ந்தது என்று நிர்வாகம் பிரித்து வைத்திருப்பதால், இயலாமையும் நாட்பட்ட நோயும் இரு வேறு கூட்டத்தாரின் பிரச்சினைகள் என்ற எண்ணம் நமக்குள்ளும் வேரூன்றிவிட்டது. உண்மையில் ஒன்று மற்றதை உண்டாக்குகிறது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது கண்ணில் படாமலும் போகிறது. அது எப்படி என்பதைப் புதிதாக அறிய வருபவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாட்பட்ட நோய் என்பது முற்றாகக் குணமாகாமல் ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும் நோய். பெரும்பாலும் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகையால் தொற்றா நோய் என்ற பெயரும் வழக்கில் உள்ளது. இலங்கையில் நிகழும் மரணங்களில் 5இல் 4க்கு மேற்பட்டவை இன்று இந்த வகை நோய்களாலேயே ஏற்படுகின்றன. இதை விளங்கிக்கொள்வது எளிது. இயலாமை என்பதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரு கால் இல்லை, ஒரு கண் தெரியவில்லை என்று உடலில் உள்ள குறையையே நாம் இயலாமை என்று எண்ணப் பழகியிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு இதை வேறு விதமாகப் பார்க்கிறது. உடலின் ஓர் உறுப்போ தொழிற்பாடோ பழுதுபடுவது ஒரு நிலை; அதனால் நடப்பது, குளிப்பது, பேசுவது போன்ற செயல்கள் கடினமாவது இன்னொரு நிலை; வேலைக்கும் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போய்ப் பிறரோடு கலந்து வாழ முடியாமற் போவது மூன்றாவது நிலை. முதல் நிலையிலிருந்து மூன்றாவது நிலைக்கு ஒருவர் எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறார் என்பதை அவருடைய உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. வீடு, தெரு, வருமானம், உறவினர், அயலவரின் மனப்பாங்கு ஆகிய எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பாரிசவாதம் வந்து வலப்பக்கம் ஒரே அளவில் பலவீனமான இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் புதிய வீட்டில் இருக்கிறார். மலசலகூடம் அறையோடு சேர்ந்தது, இருக்கையும் கைபிடியும் உண்டு, வாசலில் படி இல்லை, மகன் ஓட்டோ வைத்திருக்கிறார். ஆறு மாதத்தில் அவர் தடி ஊன்றிச் சந்திக் கடை வரை போய்ப் பத்திரிகை வாங்கி வருகிறார். மற்றவரின் வீடு பழைய நாற்சார் வீடு. விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு உயரமான இரண்டு படிகள் இறங்க வேண்டும், மலசலகூடம் வளவின் பின்கோடியில் இருக்கிறது, அதிலும் குந்தியிருக்கும் வகை, படலைக்கு வெளியே மணல் ஒழுங்கை. பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். துணைக்கு வயதான மனைவி மட்டுமே. மலசலகூடத்துக்குப் போக வேண்டி வரும் என்று அஞ்சி அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார், பிறகு கட்டிலை விட்டு எழுவதையும் குறைத்துக்கொள்கிறார். மூளையில் ஏற்பட்ட சேதம் இருவருக்கும் ஒன்றுதான். இயலாமை ஒன்றல்ல. இரண்டாமவரின் இயலாமையில் ஒரு பங்கு அந்தப் படிகளிலும் ஒரு பங்கு அந்தப் பின்கோடியிலும் இருக்கிறது. மருந்தால் மாற்ற முடியாத அந்தப் பங்கை ஒரு மேசன் இரண்டு நாளில் பெருமளவு மாற்றிவிட முடியும் என்பதே இந்தப் பார்வையால் நமக்குக் கிடைக்கும் பயன்.

கணக்கெடுப்பும் இதே பார்வைக்கு மாறியுள்ளது. “உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?” என்று கேட்டால் பலர் இல்லையென்றே சொல்வார்கள், கண்பார்வை மங்கிய தாயையோ காது மந்தமான தந்தையையோ அந்தச் சொல்லுக்குள் யாரும் அடக்குவதில்லை. எனவே ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் உருவான வாஷிங்டன் குழு ஆறு எளிய கேள்விகளை வகுத்தது. பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படியேறுவது, நினைவில் வைத்திருப்பது அல்லது கவனம் செலுத்துவது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறருக்கு விளங்கும்படி பேசுவதும் பிறர் பேசுவதை விளங்கிக்கொள்வதும் ஆகிய ஆறிலும் சிரமம் இல்லையா, ஓரளவு உண்டா, அதிகம் உண்டா, அறவே முடியாதா என்று கேட்பதே அந்த முறை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலும் இந்த ஆறு துறைகளிலும் உள்ள சிரமங்கள் கேட்கப்பட்டன. 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர், அதாவது 16 இலட்சம் பேர் வரையில், ஏதோவொன்றில் சிரமம் உடையவர்கள் என்று தெரியவந்தது. அவர்களில் பார்ப்பதிலும் நடப்பதிலும் சிரமப்படுவோரே அதிகம். வயதோடும் நாட்பட்ட நோயோடும் நெருங்கிய தொடர்புடைய சிரமங்கள் இவையென்பது கவனிக்க வேண்டியது. யாழ்ப்பாணத்தில் இயலாமை என்றவுடன் போரையும் கண்ணிவெடியையும் மட்டும் நினைப்பது நம் வரலாறு நமக்குப் பழக்கிவிட்ட ஒன்று. ஆனால் இனி வரும் ஆண்டுகளில் இயலாமையின் பெரிய ஊற்று சீனி வருத்தமும் பிரஷரும்தான்.

நாட்பட்ட நோய் இயலாமையாக மாறும் பாதைக்கு நீரிழிவுக்காரரின் பாதமே மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் நரம்புகளின் நுனிகள் பழுதடைகின்றன. உடலில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகின்றவை என்பதால் உணர்ச்சி முதலில் அங்கேதான் குறைகிறது. கூடவே காலுக்குப் போகும் இரத்தக் குழாய்களும் ஒடுங்குகின்றன. உணர்ச்சி குறைந்தால் காயம் தெரியாது; இரத்தம் குறைந்தால் அந்தக் காயம் ஆறாது. நீரிழிவு உள்ளவர்களில் ஐவருக்கு ஒருவர் முதல் மூவருக்கு ஒருவர் வரை வாழ்நாளில் ஒரு தடவையாவது காலில் புண் காண்கிறார்கள். ஆறாத புண் அழுகி, விரலையும் பிறகு காலையும் எடுக்க வேண்டிய நிலை வரலாம். இதை முன்கூட்டியே அறிவதற்கான கருவி விலையுயர்ந்த இயந்திரம் எதுவுமில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட ஒரு நைலோன் இழைதான். நோயாளி கண்ணை மூடியிருக்க, உள்ளங்காலில் பெருவிரலின் அடியிலும் விரல்களுக்குக் கீழுள்ள மேடுகளிலும் அந்த இழையை அது வளையும் வரை அழுத்துவார்கள். பட்டது தெரிந்தால் நோயாளி சொல்ல வேண்டும். தோல் தடித்துப் போன இடங்களில் அழுத்தினால் முடிவு பிழைக்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பார்கள். சில நிமிட வேலைதான் என்றாலும், உணர்ச்சி போனவரை அவர் தாமே உணரும் முன்னரே கண்டுபிடித்துவிடும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது இது செய்யப்பட வேண்டும். கண்ணின் விழித்திரையைப் பார்ப்பதும் அப்படியே. கிளினிக்கில் நெரிசல் கூடும் நாட்களில் முதலில் விடுபடுவது பாதம்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு “என்ர காலையும் ஒருக்கா பாருங்கோ” என்று நோயாளியே கேட்பதில் தவறேதும் இல்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோயிலுக்குள்ளும் வீதியிலும் நாம் வெறுங்காலோடு நடக்கிறோம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் ஓகஸ்ட் மாதத்து வெய்யிலை ஒட்டியே வருகின்றன. மத்தியான வெய்யிலில் சுட்டுக் கிடக்கும் மணலில் உணர்ச்சியுள்ளவர் கால் மாற்றி மாற்றி ஓடுவார். உணர்ச்சி போனவர் நிதானமாக நடந்து வீதியைச் சுற்றி முடிப்பார், வீட்டுக்கு வந்த பிறகே உள்ளங்காலில் கொப்புளத்தைக் காண்பார். நடக்க வேண்டாம் என்று சொல்வதால் பயனில்லை. பக்தியோடு வாதிட்டு வென்ற சுகாதாரக் கல்வியை நான் கண்டதில்லை. விடியற்பூசைக்கோ மாலையிலோ போவது, தரை சூடாக இருக்கும் நேரத்தில் தடித்த காலுறை அணிவது, திரும்பி வந்தவுடன் பாதத்தைக் கழுவித் துடைத்து, குனிய முடியாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்தாவது உள்ளங்காலைப் பார்ப்பது என்று பேசினால் கேட்பார்கள்.

இதுவரை சொன்ன பாதை பலருக்கும் தெரிந்ததே. எதிர்ப்பக்கமாகப் போகும் பாதையைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். இயலாமை உள்ளவருக்கு நாட்பட்ட நோய் வரும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம். உலகில் 130 கோடி மக்கள், அதாவது ஆறு பேருக்கு ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. நீரிழிவு, பாரிசவாதம், ஆஸ்துமா, மனச்சோர்வு ஆகியவை அவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் இரு மடங்கு என்றும், அவர்களில் சிலர் 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதற்கு அவர்களுடைய உடற்குறையை மட்டும் காரணம் காட்ட முடியாது. உடலை அசைத்து வேலை செய்ய வாய்ப்புக் குறைவு. வருமானம் குறைவு, ஆகவே பாணும் சீனித் தேநீருமே மலிவான சாப்பாடு. தனிமையும் சலிப்பும் அதிகம். நோயைத் தடுக்கும் நிகழ்ச்சிகள் நடக்கும் இடத்துக்குப் போக வழியில்லை. 1990களின் தொடக்கத்தில் 20 வயதில் காலை இழந்தவர் இன்று 50ஐத் தாண்டியிருப்பார். அன்று அவருக்குத் தேவைப்பட்டது செயற்கைக்கால். 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர்க் கால் பணி, வெறுங்காலோடு நடக்கவும் சம்மணமிட்டு இருக்கவும் ஏற்ற அந்தக் காலைப் பலருக்குக் கொடுத்தது. இன்று அவருக்கு அதோடு இரத்த அழுத்தப் பரிசோதனையும் தேவை. ஆனால் நம் கண்ணுக்கு அவர் இன்னும் கால் இழந்தவர் மட்டுமே.

ஒரு பரிசோதனை மேசையில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம். 2011இலிருந்து நாடெங்கும் நிறுவப்பட்டுவரும் சுகவாழ்வு நிலையங்களில் நடுத்தர வயதினரின் நிறை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றைப் பார்த்து, இதயநோய் வரும் ஆபத்தைக் கணிக்கிறார்கள். நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவது உடல் திணிவுச் சுட்டி. ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாத, 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் செயற்கைக்காலைக் கழற்றிவிட்டு நிறுத்தபோது 62 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுட்டி 22.8 என்று வரும். “எல்லாம் சரி, போயிட்டு வாங்கோ” என்று அனுப்பிவிடலாம். ஆனால் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி உடல் நிறையில் ஏறக்குறைய 6 சதவீதம். இல்லாத அந்தப் பகுதியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டுமானால் 62ஐ 0.94ஆல் பிரிக்க வேண்டும். 66 கிலோ வரும், சுட்டியும் 24.2 ஆகிவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர் அந்தப் பக்கம் போய்விட்டார். தொடையோடு முழுக்காலும் இல்லாதவருக்கு விடுபடும் பங்கு 16 சதவீதம் வரை இருப்பதால் பிழை இன்னும் பெரிது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் நிலையோ வேறு: அவர் தராசில் ஏறவே முடியாது என்பதால் படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக விடப்படுகிறது. அரிசி ஆலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மூடை நிறுக்கும் தட்டைத் தராசில் நாற்காலியோடு சேர்த்து நிறுத்து, பிறகு நாற்காலியின் நிறையைக் கழிக்கலாம் என்பது யாருக்கும் தெரியாத வித்தை அல்ல. செய்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் குறை.

இரத்தப் பரிசோதனையும் சில வேளைகளில் ஏமாற்றும். சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருள் தசையிலிருந்து உருவாகிறது. தசை வற்றிய ஒருவருக்கு அது இயல்பிலேயே குறைவாக இருக்கும் என்பதால், சிறுநீரகம் பழுதடையத் தொடங்கிய பிறகும் அறிக்கையில் எண் வழமையானதாகவே காட்டும். இரத்த அழுத்தமும் அப்படித்தான். முள்ளந்தண்டின் மேற்பகுதியில், அதாவது நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே காயப்பட்டவருக்கு மேல் அழுத்தம் வழமையாக 100ஐ ஒட்டியே இருக்கலாம். சலப்பை நிரம்பியோ சலக்குழாய் அடைபட்டோ இருக்கும்போது அது திடீரென்று ஏறும். தலையிடியும் முகத்தில் வியர்வையும் வரும். அப்போது 140 என்று காட்டினால், மற்றவருக்கு அது சற்றுக் கூடுதலான அளவு, இவருக்கோ அவசர நிலை. குழாய் மடிந்திருக்கிறதா என்று உடனே பார்த்து, நிமிர்த்தி இருத்தி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைப்பது சமத்துவம்போலத் தோன்றும். அளவுகோல் யாருடைய உடலை வைத்துச் செய்யப்பட்டது என்று கேட்டால்தான் அது சிலரை வெளியே விட்டிருப்பது தெரியும்.

இன்னொரு தடை பார்ப்பவரின் மனத்தில் இருக்கிறது. இயலாமை உள்ளவர் என்ன வருத்தத்தைச் சொன்னாலும் அதை அந்த இயலாமையின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் அது. மனநோய்க்கு நெடுங்காலம் சிகிச்சை பெறுபவர் தாகம், களைப்பு என்று சொன்னால் வீட்டாருக்கு அது அவருடைய வழமையான முறைப்பாடாகத் தோன்றுகிறது. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் சில உடல் நிறையைக் கூட்டி நீரிழிவை வரவழைக்கக் கூடியவை என்பது நினைவுக்கு வருவதில்லை. அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர் சாப்பிட மறுத்தால் பிடிவாதம் என்கிறார்கள், பல்வலியாக இருக்கலாம். தாய்மை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆகியவற்றில் மாற்றுத்திறனாளிப் பெண்களைக் கேட்காமலே விட்டுவிடுவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அவர்களுக்கு அது தேவைப்படாது என்று யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள்.

தூரமும் காசும் எல்லோருக்கும் தெரிந்த தடைகள். நெடுந்தீவிலிருந்து ஒருவர் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வர வேண்டுமானால் முதலில் படகில் ஏறிக் குறிகாட்டுவானுக்கு வர வேண்டும். அலையில் ஆடும் படகுக்குள் கால் வைத்து இறங்க முடியாதவரை இருவர் தூக்கித்தான் இறக்க வேண்டும். வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் இருப்பவர்களுக்குக் கடல் இல்லை. ஓட்டோக் கூலி இருக்கிறது. சக்கர நாற்காலியைப் பேருந்தில் ஏற்ற முடியாது என்பதால், இலவச மருந்தை எடுக்கப் போவதே அந்த வீட்டின் பெரிய மருத்துவச் செலவாகிவிடுகிறது. வைத்தியசாலைக்குள் வந்த பிறகும் தொடர்பாடல் தடை உண்டு. காது கேளாதவர் வாங்கில் இருக்கிறார், இலக்கம் உரத்துக் கூப்பிடப்படுகிறது, அவருடைய முறை போய்விடுகிறது. கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்து வெளியேறியவர்களைப் போலச் சைகை மொழியில் தேர்ந்தவர்களும் வைத்தியர் முன் வந்தவுடன் கூட வந்த உறவினரின் வாயை நம்ப வேண்டியிருக்கிறது. கண் தெரியாதவருக்கோ எல்லாக் குளிசைப் பைகளும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பெரிய திட்டங்கள் தேவையில்லை. இலக்கத்தைப் பலகையில் எழுதிக் காட்டலாம். காலையில் மட்டும் எடுக்கும் மருந்துக்கு ஒரு றப்பர் வளையமும் இரு வேளையும் எடுப்பதற்கு இரண்டும் போட்டுக் கொடுக்கலாம். நோய் கட்டுப்பாட்டில் உள்ளவருக்குச் சில மாதங்களுக்கான மருந்தை ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலேயே எடுக்க ஒழுங்கு செய்யலாம்.

உள்வாங்கல் என்று சுகாதாரத் துறையினர் குறிப்பிடுவது இத்தகைய மாற்றங்களின் தொகுதியைத்தான். அதில் மூன்று கருத்துகளைப் பிரித்தறிவது நல்லது. தொடக்கத்திலேயே எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாக ஒன்றை அமைப்பது பொது வடிவமைப்பு. அகலமான கதவும் படியில்லாத வாசலும் சக்கர நாற்காலிக்கு மட்டுமன்றிக் கர்ப்பிணிக்கும் தடி ஊன்றும் முதியவருக்கும் உதவும். குறிப்பிட்ட ஒருவரின் தேவைக்காகச் செய்யும் மாற்றம் நியாயமான இசைவாக்கம். நெடுநேரம் இருக்க முடியாதவரை வரிசையில் முன்னே அழைப்பது அந்த வகை, அதைச் சலுகை என்று முகம் சுளிப்பது பிழை. மூன்றாவது, பொதுச் சேவைகள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் அதே வேளையில், செயற்கைக்கால், இயன்மருத்துவம், சைகை மொழி போன்ற அவர்களுக்கே உரிய சேவைகளையும் கைவிடாதிருப்பது. இந்த இரண்டும் சேர்ந்தே போக வேண்டும் என்பதால் இதை இரட்டைப் பாதை என்பார்கள். இவற்றுக்குச் சட்ட வலுவும் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுக் கட்டடங்களின் அணுகுவசதி பற்றிய 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், அவற்றை நடைமுறைப்படுத்துமாறு 2011இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை, 2016இல் இலங்கை பின்னுறுதி செய்த ஐ.நா. சமவாயம் ஆகியவை இருக்கின்றன. அந்தச் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை சுகாதாரத்தைப் பற்றியது. சட்டம் குறைவாக இருப்பதால் நாம் தாமதிக்கவில்லை.

சாய்தளம் பற்றி ஒரு குறிப்பு. ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் வேண்டும் என்பது பொது விதி. 30 சென்ரிமீற்றர் உயரமான வாசலுக்கு 3.6 மீற்றர் நீளமான சாய்தளம் தேவை. பல கட்டடங்களில் படியின் மேலேயே சீமெந்து பூசிச் செங்குத்தாக இறக்கிவிட்டிருப்பதைக் காணலாம்; அதில் தனியாக ஏறுவது முடியாது, இறங்குவது ஆபத்து. இதே போன்றதுதான் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்திச் சக்கர நாற்காலி வழங்கும் வைபவங்களும். வாங்குபவரின் இடுப்பகலம், வீட்டுக் கதவின் அகலம், ஒழுங்கையின் மணல் எதையும் அளக்காமல் ஒரே அளவான நாற்காலிகள் கொடுக்கப்படுகின்றன. முள்ளந்தண்டு காயப்பட்டவருக்கு உரிய மெத்தை இல்லாத நாற்காலி படுக்கைப்புண்ணைக் கொண்டுவரும். அந்தப் புண் அவரை மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடத்தும். கொடுப்பவரின் நல்ல மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஓர் இயன்மருத்துவரை அழைத்து அளவெடுத்த பிறகு கொடுங்கள் என்றே சொல்கிறேன்.

யார் இதைச் செய்வது என்ற கேள்விக்கு நம் பொதுச் சுகாதார அமைப்பின் வரலாறு ஓரளவு விடை தரும். 1926இல் களுத்துறையில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய சுகாதாரப் பிரிவு முறை, தாய் சேய் நலத்தையும் தொற்று நோய்த் தடுப்பையும் இலக்காகக் கொண்டது. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியைத் தேடி வீட்டுக்குப் போகிறார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்கு நுளம்பைத் தேடி வளவுக்குள் வருகிறார். அந்த அமைப்பு ஈட்டிய வெற்றியை உலகம் அறியும். ஆனால் 55 வயதில் கட்டிலில் கிடப்பவரைத் தேடிப் போவது அவர்களுடைய பழைய கடமைப் பட்டியலில் இல்லை. இன்று பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர்கள் அந்த இடைவெளியை நிரப்ப வரத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கிடையில், உதவித்தொகைக்காகத் தகவல் திரட்டும் சமூக சேவை உத்தியோகத்தர் “கடைசியாக பிரஷர் பார்த்தது எப்ப?” என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டு, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்கலாம். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் மேலே சொன்ன ஆறு கேள்விகளுக்கும் விடை எழுதி வைக்கலாம். 2010இல் உலக சுகாதார நிறுவனமும் பிற நிறுவனங்களும் வெளியிட்ட சமூகமட்டப் புனர்வாழ்வு வழிகாட்டி, சுகாதாரம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்வு, வலுவூட்டல் ஆகிய ஐந்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. மருந்து எடுக்கப் போகும் நாளில் கூலியை இழப்பவர் மருந்தை விட்டுவிடுவார் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஐந்தும் ஏன் சேர்ந்திருக்கின்றன என்பது விளங்கும். திட்டமிடும் மேசையில் மாற்றுத்திறனாளிகள் தாமே இருக்க வேண்டும் என்பதும் அந்த அணுகுமுறையின் பகுதியே. கிளினிக் வளவில் எந்த இடத்தில் சக்கரம் புதையும் என்பது நாற்காலியில் வருபவருக்குத்தான் தெரியும்.

பராமரிப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் படுத்தால் அவரைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டி, ஊட்டுபவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அவர்களில் பலரும் 40ஐத் தாண்டியவர்கள். நோயாளியின் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மாதாமாதம் கிளினிக்குக்கு வருபவர்கள். தங்கள் சொந்த இரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆனவர்கள். நாரிப்பிடிப்பும் நித்திரையின்மையும் மனச்சோர்வும் அவர்களிடம் மிகுதி. ஒருவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து எப்படித் தூக்குவது என்பதை இயன்மருத்துவர் ஒருவர் சிறிது நேரத்தில் பழக்கிவிடுவார். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே அதைக் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது. கிளினிக்கில் நோயாளியின் கையிலிருந்து கழற்றிய இரத்த அழுத்தப் பட்டியைக் கூட வந்தவரின் கையிலும் சுற்றிப் பார்க்கச் சில நிமிடங்களே செல்லும். அளவு கூடியிருந்தால் அவருக்கும் அன்றே ஒரு கொப்பி போட்டு, இருவரின் திகதியையும் ஒரே நாளுக்கு வைத்துக் கொடுக்கும்படி கேட்கலாம். ஓட்டோக் கூலியும் ஒன்றோடு முடிந்துவிடும்.